காண்ட்ராக்டா, லேபரா, நாள் கூலியா: சொந்த வீட்டை எப்படிக் கட்டுவது?

எங்கள் குடும்பத்தில் ஆறு வருடத்துக்குள் மூன்று வீடுகள் எழும்பின. அக்கா வீடு மதுரை ஒத்தக்கடைப் பக்கம், பொருளும் கூலியும் சேர்த்து முழு காண்ட்ராக்ட். சித்தப்பா வீடு எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஆள் பிடித்து நாள் கூலி கொடுத்து அவரே நின்று கட்டியது. எங்கள் வீடு கோவில்பட்டியில், சிமெண்டு கம்பி செங்கல் எல்லாம் நாங்கள் வாங்கிப் போட, வேலையை மட்டும் ஒரு மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்கில் விட்டோம், அதாவது லேபர் காண்ட்ராக்ட். மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டதால் இப்போது வீடு கட்டப் போகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் விலை, ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பது அதுதான். 2024 தொடக்கத்தில் கோவில்பட்டியில் நான் விசாரித்தபோது முழு காண்ட்ராக்டுக்கு சதுர அடி 2,100 முதல் 2,400 ரூபாய் வரை சொன்னார்கள், லேபர் மட்டும் என்றால் 450 முதல் 550 வரை. எங்கள் வீடு 1,100 சதுர அடி. ஒருவர் 2,250 ரூபாய்க்கு முழுதாக முடித்துத் தருவதாக எழுதியே கொடுத்தார், ஆனால் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் இரண்டும் அதில் சேராது. நாங்கள் லேபரில் கட்டி முடித்துக் கணக்கை மூடியபோது அந்த இரண்டும் சேர்ந்தே சதுர அடிக்கு 2,150 பக்கம் வந்தது. கூட்டிக் கழித்தால் மிச்சம் இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த மிச்சத்துக்காக அப்பா ஒரு வருடம் முழுவதும் காலை எட்டு மணிக்கு சைட்டுக்குப் போய் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பினார். அவருடைய அந்த வருடத்துக்கு ஒரு சம்பளம் போட்டுப் பார்த்தால் மிச்சம் என்று எதுவும் இல்லை. ஆகவே லேபரில் கட்டினால் பாதி விலையில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாங்கள் லேபரைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன், ஆனால் காரணம் காசு இல்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், அதுதான் காரணம்.

விலையை விட முக்கியமான ஒன்று இருக்கிறது: மூன்று முறையிலும் வேலை செய்கிறவருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்பது. முழு காண்ட்ராக்டில் பொருள் குறையக் குறைய காண்ட்ராக்டருக்கு லாபம். லேபர் காண்ட்ராக்டில் நாள் குறையக் குறைய மேஸ்திரிக்கு லாபம், பொருள் வீணானால் அவர் பாக்கெட்டிலிருந்து எதுவும் போகாது. நாள் கூலியில் நாள் நீள நீளத்தான் வேலைக்காரருக்கு வருமானம். இதில் யாரையும் திருடன் என்று நான் சொல்லவில்லை, மூன்று இடத்திலும் மனசாட்சியோடு வேலை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சந்தேகம் வரும் ஒவ்வொரு சின்ன முடிவும், கலவையில் இன்னொரு சட்டி மணல் போடலாமா, இன்றைக்கே சென்ட்ரிங் (தளம் இறுகும் வரை தாங்கும் சீட்டும் முட்டும்) பிரிக்கலாமா, டீக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பதெல்லாம், அந்த லாபம் இருக்கும் பக்கம்தான் சாயும். நீங்கள் எந்த இடத்தில் நின்று கண்காணிக்க முடியும் என்று பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள்.

அக்கா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அத்தானுக்கு வேலை சென்னையில், அக்காவுக்குக் கைக்குழந்தை, அதனால் முழு காண்ட்ராக்டைத் தவிர அவர்களுக்கு வேறு வழியே இல்லை. அது தப்பான முடிவும் இல்லை. தப்பு நடந்தது ஒப்பந்தத்தில். ஒரே ஒரு பக்கம். "தரமான சிமெண்டு, தரமான கம்பி, நல்ல டைல்ஸ்" என்று எழுதி இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து. டைல்ஸ் எடுக்கப் போன அன்றைக்குத்தான் காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 45 ரூபாய் டைல்ஸ்தான் கணக்கு, அதற்கு மேல் நீங்கள் கொடுக்க வேண்டும் என்றார். சன்ஷேடும் போர்டிகோவும் சதுர அடிக் கணக்கில் முழுதாக வந்துவிட்டது, காம்பவுண்டு சுவரும் செப்டிக் டேங்கும் மாடிப்படி மேல் அறையும் "எக்ஸ்ட்ரா" ஆனது. பேசிய தொகைக்கு மேல் மூன்று லட்சத்துக்கும் அதிகமாகப் போனது, எழுதிய எதையும் அவர் மீறவில்லை என்பதால் அக்காவால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய வேதனை பணம் கொடுத்த வரிசை. கூரைத் தளம் போட்டு முடித்ததும் மொத்தத்தில் எண்பது சதவீதம் கொடுத்தாகிவிட்டது. பூச்சு வேலைக்கு ஆள் வரவில்லை, ஏனென்றால் அந்தக் காசு இன்னொரு சைட்டின் அஸ்திவாரத்துக்குப் போய்விட்டது. நான்கு மாதம் சுவர்கள் பூசாமல் நின்றன. வேலை எவ்வளவு நடந்திருக்கிறதோ அதற்கு ஒரு படி பின்னால்தான் பணம் போக வேண்டும். தளம் போட்டு முடிக்கும்போது மொத்தத்தில் அறுபது சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பூச்சும் தரையும் பெயிண்டும் வயரிங்கும் சாப்பிடுகிற காசு கொஞ்சநஞ்சம் இல்லை. கடைசி ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசி வைத்துக்கொண்டால் ஒழுகலைச் சரிசெய்ய அவரே ஓடி வருவார்.

முழு காண்ட்ராக்ட் என்றால் ஒப்பந்தம் குறைந்தது ஏழெட்டுப் பக்கம் இருக்க வேண்டும் என்பேன். சிமெண்டு எந்தக் கம்பெனி, கம்பியின் தரம் எஃப்இ 500டி யா 550 ஆ, எந்தக் கம்பெனி, கான்கிரீட்டின் பலம் எம்20 யா எம்25 ஆ, செங்கல் சேம்பர் சூளைக் கல்லா நாட்டுக் கல்லா, பூச்சுக்குப் பி சாண்ட் (பூச்சுக்கென்றே சலித்த நைஸ் மணல்) தானா, கதவு எந்த மரம், வயர் எந்தக் கம்பெனி, ஒரு அறைக்கு எத்தனை லைட் பாயிண்ட், டைல்ஸ் சதுர அடி என்ன விலை வரை, சன்ஷேடு கணக்கில் உண்டா இல்லையா என்று எல்லாம் வரிவரியாக. இதையெல்லாம் எழுதச் சொன்னால் கோபப்படும் காண்ட்ராக்டர் வேண்டாம். நல்லவர்கள் அவர்களே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

சித்தப்பா வீடு வேறு மாதிரி. அவர் பஞ்சாயத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கொத்தனார்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர், நேரம் நிறைய இருந்தது. நாள் கூலியில் ஒரு நல்ல விஷயம், அவசரம் இல்லை. சுவர் ஒவ்வொரு வரிசையும் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துக் கட்டினார்கள், பூச்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது, கட்டின சுவர் பிடிக்கவில்லை என்று சித்தப்பா சொன்னபோது முகம் சுளிக்காமல் இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள், கூலி அவர் கொடுக்கிறாரே. ஆனால் மணல் லாரி ஒரு நாள் தாமதமானால் நாலு கொத்தனாரும் ஆறு சித்தாளும் உட்கார்ந்திருக்க, சனிக்கிழமை சம்பளத்தில் அந்த நாளும் சேரும். எட்டு மாதத்தில் முடிய வேண்டிய வீடு பதினாறு மாதம் ஆனது. அப்புறம் இன்னொன்று, நாள் கூலியில் வேலை கொடுப்பவர் நீங்கள்தான், நடுவில் யாரும் இல்லை. ஒரு பெண் சித்தாள் சாரத்தில் இருந்து வழுக்கி விழுந்து கை முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவையும் இரண்டு மாதக் கூலியையும் சித்தப்பா கொடுத்தார், அது நியாயமும் கூட. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள், இல்லாதவர்களைப் பதியச் சொல்லுங்கள், சாரம் கட்டும் கயிறும் சவுக்குக் கம்பும் பழசாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காக ஒருவர் உயரத்தில் ஏறி நிற்கிறார், எந்த முறையில் கட்டினாலும் இதைப் பார்க்க வேண்டும்.

முழு வீட்டையும் நாள் கூலியில் கட்டச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், கட்டட வேலை தெரிந்த குடும்பமாக இருந்தாலொழிய. ஒரு கொத்தனார் ஒரு நாளில் எவ்வளவு கல் கட்டுவார் என்று கணக்குத் தெரியாதவருக்கு வேலை மெதுவாகப் போகிறதா சரியாகப் போகிறதா என்றே தெரியாது. பழைய வீட்டில் ஒரு அறை சேர்ப்பது, மாற்றி இடித்துக் கட்டுவது, சின்னச் சின்னக் கடைசி வேலைகள், இதற்கெல்லாம் நாள் கூலிதான் சரி, ஏனென்றால் அதை யாராலும் அளந்து விலை சொல்ல முடியாது.

இனி எங்கள் வீடு. 2023 டிசம்பரில் திருநெல்வேலி தூத்துக்குடி முழுக்கப் பெருமழை பெய்த கையோடு, தை மாதம் பூமி பூஜை போட்டோம். எங்கள் மனை சுத்தக் கரிசல். கரிசல் மண் தண்ணீர் குடித்தால் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், அதன் மேல் மேலாக அஸ்திவாரம் போட்டால் வீடும் கூடவே ஏறி இறங்கும். தெருவில் பாதி வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அப்படி வந்ததுதான். நாங்கள் தனியாகக் காசு கொடுத்து அமர்த்திய இன்ஜினியர், ஈரமும் வறட்சியும் எட்டாத ஆழம் வரை வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்ட வேண்டும் என்று ஆறரை அடி சொன்னார். மேஸ்திரி ஐந்தடி போதும் என்றார், ஏனென்றால் தோண்டும் கூலி அவர் கணக்கில். தோண்டிய கரிசலையே பேஸ்மெண்டுக்குள், அதாவது வீட்டுத் தரைக்கு அடியில், நிரப்பிவிடலாம் என்றும் சொன்னார், அதைச் செய்தால் தரை டைல்ஸ் ஒரு நாள் தூக்கிக்கொண்டு வரும். அப்பா கூடுதல் ஆழத்துக்குத் தனிக் கூலி பேசினார், கிராவல் மண் அடித்து அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்தார்கள். முழு காண்ட்ராக்டில் விட்டிருந்தால் இந்தப் பேச்சு எங்கள் காதுக்கே வந்திருக்காது. எனக்கு லேபர் காண்ட்ராக்ட் பிடித்துப்போன இடம் அதுதான், முடிவு எடுக்கும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள்.

தண்ணீரும் அப்படித்தான். எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு உபயோகிக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456 சொல்கிறது, மீறினால் கம்பி உள்ளேயே துருப்பிடித்து, பத்துப் பதினைந்து வருடத்தில் தளத்திலிருந்து காரை பெயர்ந்து விழும். பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்தோம், தேறவில்லை, கலவைக்கு மட்டும் டேங்கர் தண்ணீர் வாங்கினோம். செலவுதான், ஆனால் ஒரு தடவை ஊற்றிய கான்கிரீட்டை மாற்ற முடியாது.

லேபரில் உங்களுக்கு வரும் வேலை என்ன என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். பொருள் வாங்குவது பாதி நேரத்தைத் தின்றுவிடும். எம் சாண்ட் (பாறையை உடைத்த மணல்) வந்தால் டிப்பர் லாரியின் நீளம் அகலம் உயரத்தை அடியில் டேப் வைத்து அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் எத்தனை யூனிட் என்று வரும். மூன்று யூனிட் என்று சொன்ன லாரி இரண்டே முக்கால் இருந்தது எங்களுக்கு இரண்டு தடவை. கம்பிக்கு விட்டத்தின் மில்லிமீட்டரை வர்க்கப்படுத்தி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிடைக்கும், 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். அப்பா கம்பியை எண்ணி எடை மேடைச் சீட்டோடு ஒப்பிட்டார், தீப்பெட்டிக் கம்பெனியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர், அவர் நோட்டில் ஒரு ஆணி கூட விட்டுப்போகவில்லை. சிமெண்டை ஒரே நேரத்தில் இருநூறு மூட்டை இறக்காமல் ஐம்பது ஐம்பதாக வாங்கினோம், மூட்டையில் அச்சடித்த தயாரிப்பு வாரத்தைப் பார்த்து, பலகை மேல் சுவரில் ஒட்டாமல் அடுக்கி. மேஸ்திரிக்குப் பொருள் சேதத்தில் அக்கறை இருக்காது என்று முன்னால் சொன்னேன் அல்லவா, சாயங்காலம் மிச்சமான கலவையை மூலையில் கொட்டிவிட்டுப் போவார்கள், வெட்டிய கம்பித் துண்டுகள் மண்ணில் கிடக்கும். அதனால் கம்பி வெட்டும் அன்றைக்கு இன்ஜினியர் கொடுத்த வெட்டுப் பட்டியலோடு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவசரம் வரும் இடங்கள் மூன்று, அங்கே கட்டாயம் நிற்க வேண்டும். முதலாவது கலவையில் தண்ணீர். எம்20 கான்கிரீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 27 லிட்டர் அளவுக்கு மேல் கூடாது, ஆனால் தண்ணீர் அதிகமானால் கலவை சட்டியிலிருந்து வழுக்கிக்கொண்டு விழும், வேலை சுலபம், அதனால் மிக்சர்காரர் தாராளமாக ஊற்றுவார். இரண்டாவது கவர் பிளாக், கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டை, கம்பி பலகையில் படாமல் தளத்தில் 20 மில்லிமீட்டர், தூணில் 40 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், உடைந்த ஜல்லியை அடியில் சொருகி விடுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது சென்ட்ரிங் பிரிப்பது. சீட்டுகளும் முட்டுகளும் நாள் வாடகை என்பதால் சீக்கிரம் பிரிக்கப் பார்ப்பார்கள். சுவருக்குச் சுவர் நாலரை மீட்டருக்குள் இருக்கும் தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள், பீம் என்றால் 6 மீட்டர் வரை 14 நாள் என்பது அதே ஐஎஸ் 456 கணக்கு. அதுவும் சாதாரண ஓபிசி சிமெண்டுக்கு, இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டு, அதற்கு இன்னும் சில நாள் விடச் சொன்னார் இன்ஜினியர். அக்கா வீட்டுப் போர்டிகோ பீமுக்கு ஒன்பதாம் நாளே முட்டைத் தட்டிவிட்டார்கள், யாரும் பார்க்கவில்லை.

நம் கையால் செய்யக்கூடிய வேலை என்று கேட்டால், கான்கிரீட்டை நனைப்பதுதான் முதல் இடம். எந்த முறையில் கட்டினாலும் தண்ணீர் விடும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதில் யாருக்கும் லாபம் இல்லை, அதனாலேயே யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, தூண்களுக்குச் சாக்கு சுற்றி, குறைந்தது பத்து நாள், பிபிசி என்றால் பதினான்கு நாள் விட்டால் நல்லது. நான் ஆபீஸ் போகும் முன் ஐந்தரை மணிக்குப் போய் ஹோஸ் பிடித்தேன், மத்தியானம் அப்பா, ராத்திரி மறுபடி நான். அப்புறம் பூச்சுக்கு முன்னால் சுவரில் பதித்த ஒயரிங் பைப்பையும் பிளம்பிங் பைப்பையும் டேப் வைத்துப் போட்டோ எடுத்து வைத்தேன், இப்போது எங்கே ஆணி அடிக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். உள் அறைகளுக்கு பிரைமரும் பெயிண்டும் நானும் தம்பியும் அடித்தோம். ஆனால் பாத்ரூம் சரிவு, வாட்டர் புரூஃபிங், எர்த்திங், இதில் நாம் கை வைக்கக்கூடாது.

வரி விஷயம் பலருக்குத் தெரியவில்லை. தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் என்றால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. பொருளோடு சேர்ந்த ஒப்பந்தத்துக்கு, காண்ட்ராக்டர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம். அவர் சொன்ன சதுர அடி விலையில் அது சேர்ந்ததா, மேலேயா என்று எழுதி வாங்குங்கள், 25 லட்சத்துக்கு நாலரை லட்சம் வித்தியாசம். நாங்கள் கட்டியபோது சிமெண்டுக்கு 28 சதவீதம் வரி, 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகக் குறைந்துவிட்டது, இப்போது கட்டுகிறவர்களுக்கு அது நல்லது. அனுமதி எந்த முறையிலும் உங்கள் பெயரில்தான். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம். வங்கிக் கடன் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வங்கி வேலை முடிந்த பிறகு கட்டம் கட்டமாகத்தான் விடும், லேபரில் பொருளை முன்கூட்டி வாங்க வேண்டும் என்பதால் கையில் எப்போதும் இரண்டு மூன்று லட்சம் சுழல வேண்டும். அது இல்லாமல் லேபரில் இறங்கி, கம்பிக் கடையில் கடன் சொல்லி, கடைக்காரர் வைத்த விலைக்கு வாங்கியவர்களைத் தெரியும்.

நாளைப் பற்றி ஒரு வார்த்தை. லேபரில் எங்களுக்குச் சரியாக ஒரு வருடம் ஆனது, 2025 தையில் பால் காய்ச்சினோம். பங்குனியில் கோயில் திருவிழா, ஏப்ரல் 19 தேர்தலுக்கு ஆட்கள் ஊருக்குப் போனது, ஊர் ஊராகக் கோயில் கொடை விழா, தீபாவளி, ஐப்பசி மழை என்று நின்ற நாட்களைக் கூட்டினால் இரண்டரை மாதம். வாடகை வீட்டில் இருந்து கட்டுகிறவர்கள் இந்த வாடகையையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மச்சான் ஷார்ஜாவில் இருக்கிறான், சாத்தூரில் மனை வாங்கியிருக்கிறான், அவன் மாமனாருக்கு முழங்கால் வலி, சைட்டில் நிற்க ஆள் இல்லை. போன வாரம் போனில் லேபர் காண்ட்ராக்ட் போடலாமா என்று கேட்டான், எங்கள் வீட்டைப் பார்த்து ஆசை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முழு காண்ட்ராக்ட் கொடு, ஆனால் அந்தக் காண்ட்ராக்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு இன்ஜினியரை நீயே தனியாக அமர்த்து, அஸ்திவாரக் கான்கிரீட்டுக்கு முன், பிளிந்த் பீம் (தரை மட்டத்து பீம்) கம்பி கட்டியதும், தளத்துக்குக் கம்பி கட்டியதும், பூச்சுக்கு முன், இந்த நான்கு நாளும் அவர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த பணம் என்று ஒப்பந்தத்திலேயே போடு என்றேன். நனைப்புக்கு மாமனார் வீட்டுப் பக்கத்தில் ஒரு பையனுக்கு மாதச் சம்பளம் பேசியிருக்கிறோம். ஒப்பந்தத்தின் முதல் படி வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது, பதினொரு பக்கம், டைல்ஸ் விலை மட்டும் இன்னும் எழுதவில்லை, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.